செத்தவள் மிளகாய் வறுக்கிறாள்

முனியம்மாவைப் புதைத்துவிட்டு, குழிமேட்டில் பாலும் தெளித்து முடித்த பிறகு ஜம்புலிங்கம் பக்கத்தைத் திருப்பினார். அங்கே முனியம்மா அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். கமறல் தாங்காமல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியை ஒரு பாட்டம் திட்டவும் செய்தாள்.

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வேறு யாரோ எழுதிய புத்தகத்தை எடுத்துவிட்டோமோ என்று அட்டையைப் பார்த்தார். 'அக்கினித் தடாகம். நாவல். ஜம்புலிங்கம்.' அவருடையதுதான். மறுபடியும் உள்ளே போனார். செத்த இடம் இருந்தது. அடுத்த பக்கத்திலேயே மிளகாய். நடுவில் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்து தொங்கியது. அதன் மிச்சத்தைத் தேடினால், பதினாறு பக்கம் தாண்டி அது அநாதையாக உட்கார்ந்திருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் ஆகுர்டி, போசரி பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் வார விடுமுறை வியாழன்தான். ஜம்புலிங்கம் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார். காரணம் இருந்தது. சாயங்காலம் நிக்டியில் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. அதில் அவருக்குச் சால்வை போர்த்துகிறார்கள். அந்த மேடையில் இதுவரை சால்வை வாங்கியவர்கள் எல்லாம் பேங்க் மேனேஜர், ராணுவக் கணக்கு அதிகாரி, காலேஜ் வாத்தியார் என்று ஒரு தினுசு. இரும்பு வார்ப்படப் பட்டறையில் வார்ப்புப் பெட்டிக்குள் மண் இடிக்கிறவனுக்குப் போர்த்துவது இதுதான் முதல் தடவை. நாவலிலிருந்து இரண்டு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சங்கச் செயலாளர் கிருஷ்ணஸ்வாமி சொல்லியனுப்பியிருந்தார். எதை வாசிக்கலாம் என்று பார்க்கத்தான் புத்தகத்தை எடுத்தார்.

தீபாவளிக்கு முன்னால் வெளியான புத்தகம். இதுநாள்வரை முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தவிர எதையும் அவர் திறந்து பார்க்கவில்லை. எல்லாம் மனப்பாடம், எதற்குப் பார்க்க வேண்டும் என்று மனைவி லீலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை அதுவல்ல. பயம். கையெழுத்தில் மறைந்துகிடக்கிற குறையெல்லாம் அச்சில் பல்லை இளிக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார்.

பரணில் ஏறிப் புத்தகக் கட்டுகளை இறக்கினார். ஒன்றைப் பிரித்தார். செத்தாள், மிளகாய் வறுத்தாள். அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதிலும் செத்தாள், வறுத்தாள். அறை முழுக்கப் புத்தகம் பரப்பிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைத்த புத்தகம். எல்லாவற்றிலும் மூன்றாவது பதினாறு பக்கமும் நான்காவது பதினாறு பக்கமும் இடம் மாறியிருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அதுதான் வலித்தது. வேறொருவன் மேல் பழியைப் போட வழியில்லை.

ஜம்புலிங்கத்துக்கு எழுத்து வந்ததே முப்பத்தெட்டு வயதில்தான். குடியாத்தம் பக்கத்திலிருந்து மேஸ்திரியோடு இருபது வயதில் புனே வந்தவர். ஊர்க் கடிதம் வந்தால் லீலாதான் படிப்பாள். அவள் ஏழாவது வரை போனவள். ஒருநாள் ஏதோ சண்டையில், கடிதத்தைப் படிக்க மாட்டேன் என்று அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். உள்ளே என்ன இருக்கிறது, யார் பிழைத்தார், யார் போனார் என்று தெரியாமல் அந்த டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்த அவமானத்தில்தான், "எனக்கும் கத்துக்குடு" என்றார். பட்டறையில் டீ நேரத்தில், பெட்டிக்குள் இடித்து மட்டம் செய்த கறுப்பு மண்மேல் கம்பியால் எழுதிப் பார்ப்பார். யாராவது வந்தால் கரணையால் தேய்த்துவிடுவார். பக்கத்தில் நிற்கிற மராட்டிக்காரன், "க்யா ஜம்பு, நக்ஷா பனா ரஹா ஹை க்யா?" என்பான். ஆமாம், வரைபடம்தான் என்று இவரும் தலையாட்டுவார்.

லீலா வாங்கி வந்த அரிச்சுவடியின் பின்னட்டையில் தமிழ் எண்கள் இருந்தன. ௧, ௨, ௩, ௪. லீலாவுக்கே அவை தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை என்றாள். சங்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஜம்புலிங்கம் ஒரு பிடி உயர்ந்துவிட்டார். காலம்போன காலத்தில் எழுத்துக் கற்றவனிடம் படித்தவனுக்குத் தெரியாத சரக்கு ஒன்று இருக்கிறது என்றால் சும்மாவா!

அதனால்தான், நாவல் அச்சுக்குப் போனபோது பக்க எண் எல்லாம் தமிழ் எண்ணில்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கத்தில் அச்சகம் வைத்திருந்த ஷிண்டே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரே ஜம்பு பாய், யே கோன்சா நம்பர் ஹை? மேரா பைண்டர் கைசே படேகா?"

பைண்டர் இந்த எண்ணை எப்படிப் படிப்பானா? ஜம்புலிங்கம் தனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு பிரசங்கமே செய்தார். உங்கள் பி.எம்.டி. பஸ்ஸில் மராட்டி எண்தானே போட்டிருக்கிறீர்கள்? நான் வந்த புதிதில் அது புரியாமல் எத்தனை நாள் தப்பு பஸ் ஏறி எங்கெங்கோ இறங்கி நடந்திருக்கிறேன்? நான் கற்றுக்கொள்ளவில்லையா? உங்கள் ஆளும் கற்றுக்கொள்ளட்டும். ஷிண்டே சிரித்துவிட்டு, "டீக் ஹை பாபா" என்று ஒத்துக்கொண்டார்.

பைண்டர் கற்றுக்கொள்ளவில்லை. அவன் பாட்டுக்கு அடுக்கித் தைத்துவிட்டான். இந்தத் தடவை தப்பு பஸ்ஸில் ஏறியது முனியம்மா.

சரி, அது போகட்டும். தைத்தவனுக்குத் தமிழ் தெரியாது. படித்தவர்களுக்குத் தெரியுமே?

கிருஷ்ணஸ்வாமி முன்னுரையே எழுதியவர். புத்தகம் கைக்குப் போன மறுவாரம் வழியில் பார்த்து, "ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன் ஓய், கீழ வைக்க மனசு வரலை" என்றார். தமிழ் வகுப்பு எடுக்கும் மல்லிகா டீச்சர், முனியம்மா செத்த இடத்தில் அழுதுவிட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பேங்க்கில் இருக்கிற பாலசுப்ரமணியன், தன் வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றிப் படித்ததாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் ஜம்புலிங்கம் வீட்டுக்குக் கொண்டுவந்து லீலாவிடம் சொல்வார். பட்டறையில் உலைக்கு முன்னால் நிற்கும்போது நினைத்துப் பார்த்துக்கொள்வார். முதுகு வலி தெரியாது.

செத்தவள் எழுந்து வந்து மிளகாய் வறுக்கிறாள், ஒருத்தருக்கும் கமறவில்லை.

மத்தியானம் லீலா வந்தாள். அவள் கிருஷ்ணஸ்வாமி வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும் பாத்திரம், துணி, பெருக்கித் துடைக்கிற வேலை செய்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே தரையில் பரந்துகிடந்த புத்தகங்களைப் பார்த்தாள். பார்த்தவள் ஒன்றும் கேட்கவில்லை. ஓரமாகக் காலை வைத்துத் தாண்டிப் போய்த் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

அந்தக் கேட்காததிலேயே ஜம்புலிங்கத்துக்கு விளங்கிவிட்டது.

"உனுக்குத் தெரியுமா?"

"இன்னாது?"

"இன்னாதுன்னு கேக்காத. தெரியுமா, தெரியாதா?"

லீலா சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "தெரியும்."

"எப்ப?"

"வந்த வாரமே. மத்தியானத்துல உக்காந்து படிச்சேன். செத்தவ திரும்பி வந்தாளா, எனக்குப் பக்குனு ஆயிடுச்சி. அப்பால முன்னப் பின்னப் பொரட்டிப் பாத்துட்டு, தெச்சவன் கோட்டை விட்டுட்டான்னு தெரிஞ்சிக்கினேன்."

"ஏன் சொல்லல? வாய இன்னா தெச்சா வெச்சிருந்த?"

"நீ அன்னிக்கு எப்பிடி இருந்த தெரியுமா? புதுத் துணி கட்ன புள்ள மாரி சிரிச்சிக்கினு இருந்த. நம்ம ருக்மிணி கல்யாணத்துக்குக்கூட நீ அப்பிடிச் சிரிச்சி நான் பாத்ததில்ல. அதக் கெடுக்கச் சொல்றியா?"

சோலாப்பூரில் வாழ்க்கைப்பட்ட மகள் ருக்மிணிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். அவள் மராட்டிப் பள்ளியில் படித்தவள். அட்டையில் அப்பா பெயர் எது என்று போனில் கேட்டாள்.

"இந்த மாரி ஆயிரம் பேர் பாத்திருப்பாங்கன்னு பயந்துகினு இருந்தேன்," என்றாள் லீலா. "யாராவது உங்கிட்ட சொல்லிடுவாங்களேன்னு. ஒருத்தரும் சொல்லல. அப்பறம்தான் எனக்கே புரிஞ்சிது."

"கிருஷ்ணஸ்வாமி சாரு ஒரே மூச்சுல படிச்சேன்னாரே."

லீலா ஒரு சிரிப்புச் சிரித்தாள். "அவர் வூட்டு ஷோகேஸ்ல நிக்குது உன் புஸ்தகம். மேல போட்ட பிளாஸ்டிக் உறைகூட கிழிக்கல. வாரத்துக்கு ஒருக்கா நான்தான் தொடைக்கிறேன்."

ஜம்புலிங்கம் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். எதிரே வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போகல. சால்வையும் வேணாம், ஒண்ணியும் வேணாம்."

"அதெல்லாம் ஆவாது. போ. போய் வாங்கிக்க. அவங்க போத்தறது உன்ன மதிச்சில்லன்னு உனுக்கு இன்னிக்குத்தான் தெரியுமா? குளிருக்கு ஆவும். உள்ள வந்து முகத்தக் கழுவு."

நிக்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விழா. வாசலில் கரும்பு கட்டியிருந்தார்கள். சங்கத்துப் பிள்ளைகள் பொங்கல் பாட்டுப் பாடின. கையிலிருந்த தாளில் தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடின. ஜம்புலிங்கம் மேடையில் கடைசி நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். லீலா கூட்டத்தின் பின்வரிசையில் கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மல்லிகா டீச்சர் நாவலைப் பற்றிப் பேச எழுந்தார். நல்ல குரல். ஏற்றி இறக்கிப் பேசத் தெரிந்தவர்.

"நாற்பது வயசுக்கு மேல பேனா பிடிச்ச ஒரு தொழிலாளி இதை எழுதியிருக்கார்ங்கறதை நெனைச்சாலே எனக்குச் சிலிர்க்குது. இதுல அந்தத் தாய் முனியம்மா சாகற இடம் இருக்கே, அதுக்கப்பறம் இந்த நாவல்ல ஒரு பக்கத்துலகூட அவ குரல் கேக்காது. அந்த மௌனம்தான் இந்த நாவலோட உச்சம்."

முன்னுரையில் இருந்த வரி அது. கிருஷ்ணஸ்வாமி எழுதியது. கிருஷ்ணஸ்வாமிக்கு அதைச் சொன்னது ஜம்புலிங்கமேதான். ஒருநாள் அவர் வீட்டு கேட்டருகே நின்று, கதை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னது. தான் துப்பிய எச்சிலே சுற்றி வந்து தன் முகத்தில் விழுந்தது போல இருந்தது அவருக்கு.

சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். மைக் கைக்கு வந்தது. பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தார். 'தமிழன்னையின் பாதக்கமலங்களுக்கு' என்று தொடங்கும். தாளை எடுக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார். "டீச்சரம்மா சொன்னாங்க, முனியம்மா செத்தப்பறம் அவ கொரலே கேக்காதுன்னு. கேக்குதே. அடுத்த பக்கத்துலயே கேக்குது. 'அந்தப் பாழாப்போனவ கோழி இன்னிக்கும் என் கேவுரத் தின்னுட்டுப் போயிடுச்சி'ன்னு கத்தறா. மிளகா வறுக்கறா. தெச்சவன் பக்கத்த மாத்தித் தெச்சிட்டான். எல்லாப் புஸ்தகத்துலயும் அப்பிடித்தான் கீது. உங்க வூட்டுல இருக்கறதுலயும். மூணு மாசமா உங்க எல்லார் வூட்டுலயும் அவ கத்திக்கினு கீறா. யாருக்கும் கேக்கலையா?"

மைக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. முன்வரிசையில் பாலசுப்ரமணியன் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார் போல. அவர் சிரித்ததும் பக்கத்தில் இருந்தவர் கைதட்டினார். கைதட்டல் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் பரவி, பின்னால் சாம்பார் வாளி வைத்திருந்தவர் வரை போயிற்று. பின்வரிசையில் லீலா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிருஷ்ணஸ்வாமி மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தேளா அடக்கத்தை! பாராட்டற மேடையிலயும் தன் புஸ்தகத்துல குத்தம் கண்டுபிடிச்சுச் சொல்றார். இந்த எளிமை யாருக்கு வரும்? இப்போ அவர் ரெண்டு பக்கம் வாசிக்கறதா இருந்தது. ஆனா நேரமாயிடுத்து, குழந்தைகள் டான்ஸுக்கு டிரெஸ் பண்ணிண்டு காத்திண்டிருக்கா. வாசிப்பை அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்."

அதற்கும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் வந்து நின்றான். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம், பெயர் அனிருத் என்றான். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றவே மறந்திருந்தான். "அங்கிள், நீங்க பேசினது செமயா இருந்துது. புக் இங்கிலீஷ்ல இருக்கா? தமிழ் பேசுவேன். படிக்க வராது."

"இல்ல தம்பி," என்றார் ஜம்புலிங்கம். அந்த மண்டபத்தில் தன்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் இவன்தான் என்று பட்டது. தன் தட்டில் இருந்த வடையை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

கை கழுவுகிற இடத்தில் கிருஷ்ணஸ்வாமி பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ன ஓய், மேடையில போய் அதைச் சொல்லணுமா? மல்லிகா முகம் செத்துப்போச்சு. எங்கிட்ட தனியாச் சொல்லியிருக்கப்படாதா?"

"சார், நீங்க படிச்சீங்களா?"

கிருஷ்ணஸ்வாமி கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. லீலாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிக் கொடுத்தவர்.

"படிக்கலை," என்றார். "பொய் சொல்லலை இப்போ. யார் படிக்கறா சொல்லும்? ஆனா அதுவா முக்கியம்? நீர் எழுதினேரே, அதுவே பெரிசு. நேத்து வரைக்கும் கைநாட்டு, இன்னிக்கு ஒரு புஸ்தகம். அதுக்குத்தான் ஓய் சால்வை. உள்ள என்ன இருந்தா என்ன?"

ஜம்புலிங்கம் தலையாட்டினார். சர்க்கஸில் கரடி சைக்கிள் ஓட்டினால் ஊரே கைதட்டுகிறது. அது எந்த ஊருக்குப் போகிறது என்று எவனும் கேட்பதில்லை.

அடுத்த மூன்று நாளும் பட்டறையில் வாயே திறக்காமல் வேலை செய்தார். மனசுக்குள் மட்டும் ஒரு பேச்சு ஓயவில்லை. முதல்நாள் முழுக்க அவர்களைத் திட்டினார். ஒருவர் பாக்கியில்லாமல் திட்டினார். இரண்டாம் நாள் திட்டுத் தீர்ந்துபோய், அது தன் பக்கம் திரும்பியது. அவர்கள் படிக்கவில்லை, சரி. படிக்க வைத்தாயா நீ? முதல் பக்கத்தைப் புரட்டியவன் இரண்டாவதைப் புரட்டாமல் போனான் என்றால் குற்றம் அவன் விரலிலா, உன் எழுத்திலா? வார்ப்பு வெளியே வழுவழுவென்றுதான் இருக்கும். சுத்தியலால் தட்டினால்தான் உள்ளே காற்று அடைத்திருப்பது சத்தத்தில் தெரியும். தெரிந்தால் உடைத்து மறுபடி உலையில் போட்டுவிடலாம். நாளைக்கு வேறொன்றாக வரும். தன் புத்தகத்தை இதுவரை யாரும் தட்டவில்லை. தானும் தட்டவில்லை.

வியாழக்கிழமை காலையில் லீலா வேலைக்குக் கிளம்புமுன் அவளை உட்கார வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. பக்கத்த வுடு. சரியா தெச்சிருந்தான்னு வெச்சிக்க. புஸ்தகம் எப்பிடி?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? நேரமாவுது."

"சொல்லுமே. நீ ஒருத்திதான் படிச்சிருக்க. உன்னாண்ட கேக்காம ஷிண்டேகிட்டயா போய்க் கேப்பேன்?"

லீலா கொஞ்ச நேரம் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தடாகம்னா இன்னான்னே எனக்குத் தெரியல. அகராதியில தேடினேன், குளமாம். குளம்னு வெச்சா இன்னா கொறஞ்சிடும்? அந்தப் புள்ள ஆத்தா சாவுல பேசறானே, 'ஓ தாயே, தியாகச் சுடரே'ன்னு, நாலு பக்கம். எந்த ஊர்ல எவன் அப்பிடி அழுவறான்? உங்கம்மா செத்தப்ப நீ வாயே தொறக்கல. ரயில்ல போறவரைக்கும் ஜன்னல் கம்பியத்தான் சொரண்டிக்கினு வந்த."

அந்த நாலு பக்கத்துக்காக அவர் ஒரு மழைக்காலம் முழுக்கச் செலவழித்திருந்தார். மேடைகளில் கேட்ட சொற்களையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது. படித்தவன் எழுதியது போல இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது அவருக்கு இருந்த வெறி.

"ஆனா அந்த மிளகா வறுக்கற எடம்," என்றாள் லீலா. "அது வேற. அவ அந்தக் கோழிக்காரிய ஏசறா பாரு, எங்கம்மாவே வந்து உக்காந்துட்ட மாரி இருந்திச்சி. அவ சாவறப்ப எனக்கு அழுகையே வர்ல. அடுத்தாப்பல வந்து அடுப்பு பத்த வெச்சாளே, அப்பத்தான் வந்திச்சி."

அந்தப் பதினாறு பக்கத்தை அவர் யோசித்து எழுதவேயில்லை. ஒரு வியாழக்கிழமை, உடம்பு வலியில் வேறு எதுவும் ஓடாமல், சும்மா கை போன போக்கில் எழுதிப் போட்டது. இலக்கியமாக இல்லையே என்று கூச்சப்பட்டு, தூக்கி எறிந்துவிடத்தான் இருந்தார். பக்கம் குறையும் என்பதற்காக விட்டுவைத்தார்.

"அப்ப மொத்தத்துல பதினாறு பக்கம்," என்றார்.

"பதினாறுன்னு நான் சொன்னனா?"

"நான் சொல்றேன்."

லீலா அவர் முகத்தைப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு பரணில் இருந்ததையெல்லாம் இறக்கி வாசலில் அடுக்கினார். தெருவில் "ரத்தீ… பேப்பர் ரத்தீ…" என்று குரல் வந்தபோது கூப்பிட்டார். பழைய பேப்பர்க்காரன் ஒரு புத்தகத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"புதுப் புஸ்தகம் மாதிரி இருக்கே பெரியவரே. எதுக்குப் போடறீங்க?" என்று மராட்டியில் கேட்டான்.

"கராப் மால்," என்றார் ஜம்புலிங்கம். பட்டறையில் ஓட்டை விழுந்த வார்ப்பைத் தள்ளி வைக்கும்போது சொல்கிற அதே சொல். "இது எங்க போவுது?"

மில்லுக்குப் போகும், ஊறவைத்துக் கூழாக்கி வேறு காகிதம் செய்வார்கள் என்றான் அவன். அப்படியானால் இதற்கும் ஓர் உலை இருக்கிறது. இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டார். தராசில் ஏற்றியபோது அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவன் கொடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தார். லீலாவுக்கு. பிளேடால் தையலை அறுத்து, பக்கங்களை இடம் மாற்றி, கோணி ஊசியால் மறுபடி தைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஆளாவது சரியாகப் படிக்கட்டும். மத்தியானம் லீலா வந்தபோது ஊசியில் நூல் கோக்க முடியாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை.

லீலா வாசலைப் பார்த்தாள், காலியான பரணைப் பார்த்தாள். அவர் முன்னால் கிடந்த புத்தகத்தையும் பிளேடையும் பார்த்தாள்.

"இன்னா பண்ற?"

"உனுக்குத்தான். மாத்தித் தெச்சித் தரேன்."

"குடு இப்பிடி." வெடுக்கென்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "யார் கேட்டா உன்ன மாத்தித் தெய்யச் சொல்லி?"

"தப்பா இருக்குதேமே."

"இருக்கட்டும். இதுல அவ செத்தப்பறமும் எழுந்து வந்து அடுப்பு பத்த வெக்கறா. நீ மாத்திட்டா வறுத்துட்டு செத்துடுவா. எனக்கு இதுதான் வேணும்."

புத்தகத்தைச் சேலைகள் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அந்தப் பெட்டிக்கு மேல், சங்கத்துச் சால்வை ஞாயிற்றுக்கிழமை மடித்து வைத்த மடிப்போடு அப்படியே கிடந்தது. அதை எடுத்து உதறி, கிழிந்திருந்த ஜன்னல் திரைக்குப் பதிலாகக் கட்டிவிட்டாள். சாயங்காலக் குளிருக்கு அது அடக்கமாகத்தான் இருந்தது.

ஜம்புலிங்கம் ஊசியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய எழுத்தாளன் இல்லை. நடுத்தரமானவன்கூட இல்லை. பதினாறு பக்கம். அதுவும் தெரியாமல் விழுந்தது. ஐம்பது வயதில் இந்தக் கணக்கு முடிந்தது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. ஆனால் முதுகு அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது, மூன்று மாதத்துக்கான வலியும் சேர்த்து.

"அந்தக் கோழிக்காரி," என்றாள் லீலா, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே. "அவளுக்கு அப்பறம் இன்னா ஆச்சி? புஸ்தகத்துல அப்பிடியே வுட்டுட்டியே."

"அவளுக்கு இன்னா? ஒண்ணியும் ஆவல."

"அதெப்படி ஆவாது? அம்மாம் ஏச்சு வாங்கினவ சும்மா இருப்பாளா?"

ஜம்புலிங்கம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மூலையில் பக்க எண் போடக் கை தானாகப் போய் ௧ என்று எழுதியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அடித்துவிட்டு, பக்கத்தில் பைண்டருக்குத் தெரிந்த மாதிரி 1 என்று போட்டார்.